வீட்டுப் பெரியவர்கள் விழாமல் இருக்க: ஆய்வுகள் கண்டதை வீட்டில் செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது அம்மா விழுந்தார். தரை காய்ந்திருந்தது, வழுக்க ஒன்றுமில்லை, தடுக்கவும் ஒன்றுமில்லை. வாளியிலிருந்து ஈரச் சேலையை எடுத்துக்கொண்டு கொடிப்பக்கம் திரும்பினார், அந்தத் திருப்பத்தில் உடம்பு ஒரு பக்கம் போய்விட்டது, கால் கூடவே வரவில்லை. வலது கையை ஊன்றினார், மணிக்கட்டு முறிந்தது. அப்போது அவருக்கு 73 வயது. மருத்துவமனையில் மாவுக்கட்டு போட்டார்கள், ஆறு வாரம் கழித்துப் பிரித்தார்கள், "வயசாச்சு, பாத்து நடங்க" என்று அனுப்பிவிட்டார்கள். ஏன் விழுந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு ஏன் முறிந்தது என்றும் கேட்கவில்லை.

அந்த இரண்டு கேள்விக்கும் பதில் தேடி நாற்பது வருஷமாக ஆய்வு நடக்கிறது என்பதே எனக்கு அதற்கப்புறம்தான் தெரிந்தது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி டினெட்டி 1988-ல் 75 வயது தாண்டியவர்களை ஒரு வருஷம் பின்தொடர்ந்து பார்த்தார். மூன்றில் ஒருவர் விழுந்திருந்தார். 1994-ல் அவருடைய குழு 301 பேரை வைத்து, மருந்து, ரத்த அழுத்தம், கால் பலம், வீடு என்று ஒவ்வொருவரிடமும் இருந்த குறையைத் தேடிச் சரிசெய்தது. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 47 சதவீதம் பேர் விழுந்தார்கள், சரிசெய்யப்பட்டவர்களில் 35 சதவீதம். விழுவது வயசின் விதி இல்லை என்பதை எண்ணிக் காட்டிய முதல் ஆய்வுகளில் இதுவும் ஒன்று.

அதே முறையைப் பெரிய அளவில் செய்தபோது என்ன ஆனது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2020-ல் இரண்டு பெரிய ஆய்வுகள் வெளிவந்தன. அமெரிக்காவில் 5,451 பேரை வைத்து நடந்த 'ஸ்ட்ரைட்' ஆய்வில் பயிற்சி பெற்ற நர்ஸ்கள் குறைகளைக் கண்டுபிடித்துத் திட்டம் போட்டுக் கொடுத்தார்கள், ஆனால் பலத்த காயங்கள் குறிப்பிடும்படி குறையவில்லை. இங்கிலாந்தில் 9,803 பேரை வைத்து நடந்த 'ப்ரீஃபிட்' ஆய்விலும் எலும்பு முறிவு குறையவில்லை. நான் இதை இப்படித்தான் படிக்கிறேன்: குறையைக் கண்டுபிடித்துத் தாளில் எழுதிக் கொடுப்பது வேறு, அதை வாரா வாரம் செய்ய வைப்பது வேறு. மருத்துவமனை முதல் வேலையைச் செய்யலாம். இரண்டாவது வேலை வீட்டில் இருப்பவர்களுடையது, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. மாத்திரை, ஸ்கேன் என்று வரும் இடங்களில் எதைக் கேட்க வேண்டும் என்று சொல்கிறேன், முடிவை உங்கள் மருத்துவரோடு சேர்ந்து எடுங்கள்.

படி 1: மூன்று கேள்வி, மூன்று சோதனை

2022-ல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட உலக வழிகாட்டுதல் மூன்று எளிய கேள்விகளை முன்வைக்கிறது. கடந்த ஒரு வருஷத்தில் விழுந்தீர்களா? நிற்கும்போதோ நடக்கும்போதோ தடுமாற்றம் இருக்கிறதா? விழுந்துவிடுவோமோ என்று பயம் இருக்கிறதா? ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் மேலே போங்கள். முதல் கேள்வியை மட்டும் கொஞ்சம் சுற்றி வளைத்துக் கேளுங்கள், ஏனென்றால் பெரியவர்கள் மறைப்பார்கள். "விழல, சும்மா உக்காந்துட்டேன்", "கால் மடங்கிருச்சு", "சுவத்தப் புடிச்சுக்கிட்டேன்", இதெல்லாமே விழுந்த கணக்குதான். மாடியில் விழுவதற்கு முன்பே அம்மா இரண்டு முறை விழுந்திருக்கிறார் என்பது எங்களுக்குப் பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் தெரிந்தது.

அப்புறம் சோதனைகள். கைப்பிடி இல்லாத, ஆடாத ஒரு நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள் (பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், பின்னால் சரியும்). கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு 30 நொடியில் எத்தனை முறை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 70 முதல் 74 வயதுப் பெண்ணுக்கு 10-க்குக் கீழும், ஆணுக்கு 12-க்குக் கீழும் வந்தால் அது அந்த வயதின் சராசரிக்குக் குறைவு. 80 முதல் 84 வயதுக்கு இதே எல்லை பெண்ணுக்கு 9, ஆணுக்கு 10. கையை ஊன்றாமல் எழவே முடியவில்லை என்றால் மதிப்பெண் பூஜ்யம். அம்மா 7 முறை எழுந்தார். எட்டாவது முறை பாதி எழுந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார், முகத்தைப் பார்த்தால் அவருக்கே நம்பிக்கை வரவில்லை.

இரண்டாவது சோதனைக்கு நாற்காலியிலிருந்து மூன்று மீட்டர் தூரத்தில் தரையில் ஒரு கோடு போடுங்கள். எழுந்து, வழக்கமான நடையில் கோடு வரை போய், திரும்பி வந்து உட்கார எத்தனை நொடி ஆகிறது? அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 12 நொடி ஆனாலே கவனிக்கச் சொல்கிறது, உலக வழிகாட்டுதல் 15 நொடியை எல்லையாக வைக்கிறது. மூன்றாவது, ஒரு பாதத்தின் குதிகால் மற்றொரு பாதத்தின் விரல்நுனியைத் தொடும்படி முன்னும் பின்னுமாக வைத்து 10 நொடி நிற்க வேண்டும். முடியாவிட்டால் சமநிலை குறைந்திருக்கிறது என்று பொருள். மூன்றையும் செய்யும்போது நீங்கள் கைக்கெட்டும் தூரத்தில் நில்லுங்கள், எண்களைத் தேதியோடு எழுதி வையுங்கள்.

படி 2: எப்படி விழுந்தார் என்று நிதானமாகக் கேளுங்கள்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஸ்டீபன் ராபினோவிச் குழு இரண்டு முதியோர் இல்லங்களின் பொது இடங்களில் கேமரா வைத்து, 130 பேர் விழுந்த 227 நிகழ்வுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. அதுவரை எல்லோரும் வழுக்குவதும் தடுக்குவதும்தான் காரணம் என்று நினைத்திருந்தார்கள். வீடியோவில் தெரிந்தது வேறு. 41 சதவீத நிகழ்வுகளில் உடம்பின் எடையைத் தவறாக மாற்றியதுதான் காரணம், அதாவது திரும்பும்போது, எட்டி எடுக்கும்போது, உட்காரப் போகும்போது எடை பாதத்தை விட்டு வெளியே போய்விடுகிறது. தடுக்கி விழுந்தவை 21 சதவீதம்.

இதைப் படித்தபோதுதான் அம்மா மாடியில் விழுந்தது எனக்குப் புரிந்தது. அதுவரை வீட்டில் எல்லோரும் மாடித் தரையையும் செருப்பையும் மாற்றி மாற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். வாளியைத் தரையில் வைத்தால் குனிய வேண்டும், கொடி தலைக்கு மேல் இருந்தால் எட்ட வேண்டும், குனிந்த நிலையிலிருந்து எட்டும் நிலைக்கு வரும்போது நடுவில் ஒரு திருப்பம். மூன்றும் ஒரே அசைவில் வருகின்றன. இப்போது கொடியைத் தோள் உயரத்துக்கு இறக்கிக் கட்டியிருக்கிறோம், வாளி ஒரு ஸ்டூல் மேல் இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் கேளுங்கள்: எந்த நேரம், எந்த இடம், கையில் என்ன இருந்தது, எந்தப் பக்கம் திரும்பினார், அதற்கு முன் கண்ணை இருட்டிக்கொண்டு வந்ததா, விழுந்தது நினைவிருக்கிறதா. விழுந்ததே நினைவில்லை, மயக்கம் வந்தது, நெஞ்சு படபடத்தது என்றால் இந்த வழிகாட்டியை மூடிவைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். அது இதயம் அல்லது மூளை சம்பந்தப்பட்டதாக இருக்கலாம்.

படி 3: கால்களுக்கு வேலை கொடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் ஜான் கேம்பெல், கிளேர் ராபர்ட்சன் குழு 80 வயது தாண்டிய பெண்களுக்காக வீட்டிலேயே செய்யும் ஒரு பயிற்சித் திட்டத்தை உருவாக்கியது, முதல் முடிவு 1997-ல் வெளிவந்தது. அந்தக் குழுவின் நான்கு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தபோது விழுவது 35 சதவீதம் குறைந்திருந்தது. 2019-ல் கேத்தரின் ஷெரிங்டன் குழு உலகெங்கும் நடந்த 108 ஆய்வுகளைத் திரட்டியபோது உடற்பயிற்சி விழுவதை 23 சதவீதம் குறைக்கிறது என்று தெரிந்தது. சமநிலைக்குச் சவால் விடும் பயிற்சியை வாரத்துக்கு மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ செய்தவர்களிடம் பலன் 39 சதவீதம் வரை போனது என்று அவர்களுடைய முந்தைய ஆய்வு காட்டியது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், வாக்கிங் மட்டும் போதாது. நம் ஊரில் "அப்பா தினம் வாக்கிங் போறார்" என்று நிம்மதியாக இருக்கிறோம். நடப்பது இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது, ஆனால் நடை மட்டும் விழுவதைத் தடுக்கிறது என்பதற்கு ஆய்வுகளில் தெளிவான ஆதாரம் இல்லை. 1997-ல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், கை எலும்பு முறிந்திருந்த பெண்களை வேகநடை போகச் சொன்னதில் விழுவது கூடியதே தவிரக் குறையவில்லை. முதலில் பலம், சமநிலை. அவை வந்தபின் நடை.

ஒட்டாகோ முறை இதுதான். அரை மணி நேரம் பலமும் சமநிலையும், வாரம் மூன்று நாள். நடை வாரம் இரண்டு நாள். பலத்துக்கு ஐந்து பயிற்சிகள். நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலை நீட்டுவது. நின்றுகொண்டு குதிகாலைப் பின்பக்கமாக மடக்கித் தூக்குவது. காலைப் பக்கவாட்டில் தூக்குவது. இரண்டு குதிகாலையும் உயர்த்தி நுனிக்காலில் நிற்பது. விரல்களை உயர்த்திக் குதிகாலில் நிற்பது. முதல் மூன்றுக்கும் கணுக்காலில் எடைப்பட்டை கட்டுவார்கள், 8 முதல் 10 முறை செய்தால் கால் சோர்ந்துபோகிற அளவு எடை. எடைப்பட்டை கிடைக்காவிட்டால் மணலை அளந்து துணிப்பையில் கட்டி, வெல்க்ரோ வைத்துத் தைத்துக்கொள்ளலாம், நாங்கள் அரைக் கிலோவில் தொடங்கினோம்.

சமநிலைக்கு: முழங்காலை லேசாக மடக்கி எழுவது, பக்கவாட்டில் நடப்பது, பின்னோக்கி நடப்பது, எட்டு போட்டு நடப்பது, ஒரே கோட்டில் குதிகால்-விரல் ஒட்டி நடப்பது, ஒற்றைக்காலில் நிற்பது, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. அம்மாவின் குறை திரும்புவதில்தான் என்பதால் எட்டு போடுவதற்குத்தான் அதிக நேரம் கொடுத்தோம். இரண்டு நாற்காலிகளைப் போட்டு அவற்றைச் சுற்றி நடக்க வைத்தேன். முதல் வாரம் ஒவ்வொரு திருப்பத்திலும் நாற்காலி முதுகைப் பிடித்தார், மூன்றாவது வாரம் ஒரு விரல் மட்டும் வைத்தார்.

பிடிமானம் பற்றி ஒரு விஷயம். சமையல் மேடையோ கனமான மேசையோ பக்கத்தில் இருக்கட்டும். ஆனால் எப்போதும் இறுகப் பிடித்துக்கொண்டே செய்தால் சமநிலைக்கு வேலை இல்லை. இரண்டு கை, பிறகு ஒரு கை, பிறகு விரல், பிறகு கை பக்கத்தில் தயாராக. லேசாகத் தடுமாறி, தானே சுதாரித்துக்கொள்ளும் அந்த இடத்தில்தான் உடம்பு கற்றுக்கொள்கிறது. ஏற்கெனவே பலமுறை விழுந்தவர், பக்கவாதம் வந்தவர், பார்க்கின்சன் இருப்பவர் என்றால் முதலில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டை வீட்டுக்கு வரவழையுங்கள். ஒட்டாகோவிலும் பிசியோதெரபிஸ்ட் முதல் இரண்டு மாதத்தில் நான்கு முறை வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்தார், அதற்கப்புறம்தான் அவர்களாகச் செய்தார்கள்.

தனியாக அரை மணி நேரம் ஒதுக்க மாட்டேன் என்று அடம்பிடிப்பவர்களுக்கு சிட்னியில் லிண்டி கிளெம்சன் குழு இன்னொரு வழி கண்டது. பயிற்சியை அன்றாட வேலைக்குள் நுழைத்துவிட்டார்கள். ஏற்கெனவே விழுந்திருந்த, 70 வயது தாண்டிய 317 பேரிடம் செய்த அந்த ஆய்வு 2012-ல் வெளிவந்தது, விழுவது 31 சதவீதம் குறைந்தது. பல் தேய்க்கும்போது ஒரு பாதத்துக்கு முன் இன்னொரு பாதம் வைத்து நிற்பது, கீழ்த்தட்டில் இருக்கும் பாத்திரத்தை முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி எடுப்பது, அடுப்பு பக்கத்திலிருந்து ஸிங்க் பக்கம் பக்கவாட்டில் நடந்து போவது. அம்மாவுக்கு இதுதான் பிடித்தது. குக்கர் விசில் வரும்வரை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவார், மூன்று விசிலுக்கு நாற்பது தடவை ஆகிவிடுகிறது என்று அவரே கணக்கு சொன்னார்.

படி 4: மாத்திரை டப்பாவைக் கவிழ்த்துப் பாருங்கள்

வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் ஒரு தட்டில் கொட்டுங்கள், மெடிக்கலில் கேட்டு வாங்கியவை உட்பட. தூக்க மாத்திரை, பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரும் மாத்திரைகள், சளி, அரிப்புக்குப் போட்டுத் தூக்கம் வரவைக்கும் மாத்திரைகள், டிரமடால் மாதிரி வலி மாத்திரைகள், ஆண்களுக்குப் புராஸ்டேட்டுக்குத் தரும் சில மாத்திரைகள், சர்க்கரையைத் தாழ்நிலைக்குக் கொண்டுபோகக்கூடியவை, எல்லாமே தடுமாற்றத்தைக் கூட்டக்கூடியவை. ஒட்டாகோ குழு 1999-ல் 93 பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வில், மனநலம், தூக்கம் சார்ந்த மாத்திரைகளைப் படிப்படியாகக் குறைத்தவர்களிடம் விழுவது 66 சதவீதம் குறைந்தது. ஆனால் மாத்திரையை முழுசாக விட்ட 17 பேரில் 8 பேர் ஆய்வு முடிந்த ஒரே மாதத்தில் மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். விடுவது அவ்வளவு கஷ்டம். அதனால் நீங்களாக ஒரே நாளில் நிறுத்தாதீர்கள், சில தூக்க மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். பட்டியலை எழுதி எடுத்துக்கொண்டு போய், "இதில் எதைக் குறைக்கலாம்?" என்று நேராகக் கேளுங்கள்.

கூடவே ரத்த அழுத்தத்தைப் படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் பாருங்கள். ஐந்து நிமிஷம் படுத்திருந்தபின் ஒரு முறை, எழுந்து நின்று ஒரு நிமிஷத்தில் ஒரு முறை, மூன்றாவது நிமிஷத்தில் ஒரு முறை. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அது தலைசுற்றி விழவைக்கும் இறக்கம். அம்மாவுக்குக் காலையில் படுத்திருக்கும்போது 146 இருந்தது, நின்றதும் 118. மருத்துவர் ஒரு மாத்திரையின் அளவைக் குறைத்தார், வருஷக்கணக்கில் இரவில் போட்டுக்கொண்டிருந்த அரிப்பு மாத்திரையை நிறுத்தினார். எழும்போது கட்டில் ஓரத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து, கணுக்காலை ஆட்டிவிட்டுத்தான் நிற்க வேண்டும் என்பதையும் பழக்கமாக்கினோம்.

படி 5: கண்

புரை இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். இங்கிலாந்தின் நாட்டிங்காமில் 70 வயது தாண்டிய 306 பெண்களில் ஒரு பாதிக்கு முதல் கண் புரை அறுவையைச் சீக்கிரம் செய்தார்கள், மற்றவர்கள் வரிசையில் காத்திருந்தார்கள். சீக்கிரம் செய்துகொண்டவர்கள் 34 சதவீதம் குறைவாக விழுந்தார்கள். 2005-ல் வந்த முடிவு.

கண்ணாடி மாற்றும்போதுதான் எச்சரிக்கை. சிட்னியில் 616 பேரை வைத்துச் செய்த ஆய்வில் கண் பரிசோதித்துப் புதுக் கண்ணாடி கொடுத்தபின் விழுவது கூடிவிட்டது. பவர் ஒரேயடியாக மாறினால் தரை இருக்கும் தூரமே வேறு மாதிரி தெரியும், பழகும் வரை மெதுவாக நடக்க வேண்டும், பவரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற முடியுமா என்று கேட்கலாம். பைஃபோகல், புரோகிரஸிவ் கண்ணாடி போட்டவர்கள் படி இறங்கும்போது கீழ்ப்பாதி வழியாகப் பார்க்கிறார்கள், அது படிக்கிற தூரத்துக்கான பவர், படியின் விளிம்பு மங்கலாகிவிடும். அடிக்கடி வெளியே போகிறவராக இருந்தால் வெளியே போட்டுக்கொள்ள ஒற்றைப் பவர் கண்ணாடி ஒன்று தனியாக வைத்துக்கொள்வது நல்லது.

படி 6: வீடு

நியூசிலாந்தின் டாரனாகி பகுதியில் 842 வீடுகளை எடுத்து, ஒரு பாதி வீடுகளில் படிக்கைப்பிடி, குளியலறைக் கம்பி, வெளிச்சம், வழுக்காத பூச்சு என்று சின்ன மாற்றங்களைச் செய்தார்கள். விழுந்து காயப்படுவது 26 சதவீதம் குறைந்ததாக 2015-ல் வெளியிட்டார்கள். ஏற்கெனவே விழுந்தவர்கள் மாதிரி ஆபத்து அதிகமுள்ளவர்களிடம் வீட்டு மாற்றத்தின் பலன் 38 சதவீதம் என்று 2023-ன் தொகுப்பு ஆய்வு சொல்கிறது. ஆபத்து குறைந்தவர்களிடம் பலன் தெரியவில்லை. ஆக, விழுந்தவர் இருக்கும் வீட்டில் முதலில் பணத்தைச் செலவழியுங்கள்.

பாத்ரூமில் தொடங்குங்கள். பெரியவர்கள் டவல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுவார்கள், அது துண்டின் எடைக்குப் போட்டது, ஒருநாள் கையோடு வந்துவிடும். டாய்லெட் பக்கத்திலும் குளிக்கும் இடத்திலும் கைக்குள் முழுசாக அடங்கும் பருமனுள்ள ஸ்டீல் கம்பியைச் சுவரில் ஆழமாகத் துளைபோட்டு இறுக்கச் சொல்லுங்கள், போட்டு முடித்ததும் பிளம்பர் முன்னாலேயே உங்கள் முழு எடையையும் அதில் தொங்கவிட்டுப் பாருங்கள். குளிக்க ரப்பர் கால் வைத்த ஸ்டூல், நீர் ஊற்ற கையில் பிடிக்கும் ஷவர். படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை இரவு முழுக்க ஒரு சின்ன விளக்கு எரியட்டும். பளபளக்கும் டைல்ஸை மாற்ற முடியாவிட்டால் வழுக்காத பட்டை ஒட்டலாம். நழுவும் மிதியடிகளை எடுத்துவிடுங்கள். நிலைப்படி, மாடிப்படி விளிம்புகளில் பளிச்சென்ற ஒரு நிறத்தில் கோடு அடியுங்கள்.

வெறுங்கால் பற்றிக் கேட்டால் கோபம் வரலாம், ஏனென்றால் வீட்டுக்குள் செருப்பு போடுவது நம் வழக்கமில்லை. ஆனால் சியாட்டிலில் 2004-ல் வெளியான ஆய்வில் வெறுங்காலோடும் வெறும் சாக்ஸோடும் நடந்தவர்களுக்கே விழும் ஆபத்து அதிகமாக இருந்தது. வீட்டுக்கென்று மட்டும் ஒரு ஜோடி வைத்துக்கொள்ளலாம், குதிகாலைச் சுற்றிப் பட்டை இருக்க வேண்டும், அடிப்பாகம் மெல்லியதாகவும் பிடிப்பாகவும் இருக்க வேண்டும். பட்டை இல்லாத ஹவாய் செருப்பு வேண்டாம். சேலைக் கொசுவமும் நைட்டியும் தரையைக் கூட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

படி 7: எலும்பு

விழுவதை முழுக்க நிறுத்த முடியாது, விழுந்தாலும் முறியாத எலும்பு வேண்டும். 50 வயதுக்கு மேல் நின்ற உயரத்திலிருந்து விழுந்து எலும்பு முறிந்தால் அதை எலும்புத் தேய்வின் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். எலும்பின் அடர்த்தியை அளக்கும் 'டெக்ஸா' ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அதில் வரும் எண்ணான டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்புத் தேய்வு. உயரமும் சொல்லும்: இளமையில் இருந்ததைவிட 4 சென்டிமீட்டர் குறைந்திருந்தால், வலியே தெரியாமல் முதுகெலும்பு நசுங்கியிருக்கலாம், ஒரு எக்ஸ்ரே பார்ப்பது நல்லது.

எலும்பு முறிவைக் குறைக்கும் மருந்துகள் நன்றாக வேலை செய்கின்றன. வருஷத்துக்கு ஒரு முறை நரம்பில் ஏற்றும் சோலெட்ரானிக் அமிலம் இடுப்பு எலும்பு முறிவை 41 சதவீதமும் முதுகெலும்பு முறிவை 70 சதவீதமும் குறைத்ததாக 2007-ன் ஆய்வு காட்டியது. இடுப்பு எலும்பு முறிந்து அறுவை செய்துகொண்டவர்களுக்குக் கொடுத்தபோது இறப்பும் 28 சதவீதம் குறைந்தது. வாரம் ஒரு முறை போடும் அலென்ட்ரோனேட் மாத்திரை என்றால் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு, போட்டபின் அரை மணி நேரம் படுக்காமல், காபிகூடக் குடிக்காமல் இருக்க வேண்டும். இதைச் சரியாகச் சொல்லிக் கொடுக்காததால்தான் பலர் நெஞ்செரிச்சல் வந்து விட்டுவிடுகிறார்கள். சிறுநீரகப் பரிசோதனையும் பல் வேலையும் மருந்துக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் டெனோசுமாப் ஊசியைத் தொடங்கினால் தவணை தவறக் கூடாது, நிறுத்தினால் வேறு மருந்து தொடர வேண்டும். இல்லாவிட்டால் முதுகெலும்புகள் அடுத்தடுத்து நசுங்கும் ஆபத்து இருக்கிறது.

வைட்டமின் டி-யில்தான் குழப்பம் அதிகம். 1992-ல் பிரான்சில் முதியோர் இல்லங்களில் இருந்த 3,270 பெண்களுக்குக் கால்சியமும் தினம் 800 யூனிட் வைட்டமின் டி-யும் கொடுத்ததில் இடுப்பு எலும்பு முறிவு 43 சதவீதம் குறைந்தது. அவர்களிடம் வைட்டமின் டி ஏற்கெனவே குறைவாக இருந்தது. மாறாக, அமெரிக்காவில் பொதுவான ஆரோக்கியத்தோடு இருந்த 25,871 பேரை வைத்து நடந்த 'வைட்டல்' ஆய்வில் தினம் 2,000 யூனிட் எடுத்தும் எலும்பு முறிவு குறையவில்லை, 2022-ல் முடிவு வந்தது. பெரிய அளவு ஒரேயடியாகக் கொடுத்தால் தீங்கே வந்திருக்கிறது: ஆஸ்திரேலியாவில் வருஷத்துக்கு ஒரு முறை 5 லட்சம் யூனிட் கொடுத்ததில் விழுவதும் முறிவும் இரண்டும் கூடின. சூரிச்சில் மாதம் 60,000 யூனிட் எடுத்தவர்களில் 67 சதவீதம் பேர் ஒரு வருஷத்தில் விழுந்தார்கள், மாதம் 24,000 எடுத்தவர்களில் 48 சதவீதம் பேர். இந்த 60,000 யூனிட் கேப்ஸ்யூல்தான் நம் ஊர் மெடிக்கல்களில் சர்வசாதாரணமாகக் கிடைக்கிறது. ரத்தப் பரிசோதனையில் குறைவு என்று தெரிந்து மருத்துவர் சில வாரங்களுக்கு எழுதிக் கொடுப்பது வேறு. அந்தச் சீட்டு முடிந்தபின்னும் "எலும்புக்கு நல்லது" என்று வருஷக்கணக்கில் தானாக வாங்கிப் போடுவது வேறு. எப்போது நிறுத்த வேண்டும் என்று முதல் நாளே கேட்டு, சீட்டில் எழுதி வாங்குங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். ஆஸ்திரேலியாவில் 60 முதியோர் இல்லங்களில் 7,195 பேரை வைத்து நடந்த ஆய்வு 2021-ல் வெளிவந்தது. பாதி இல்லங்களில் பால், தயிர், பாலாடைக்கட்டியைக் கூட்டினார்கள், அவ்வளவுதான். எலும்பு முறிவு 33 சதவீதமும் இடுப்பு எலும்பு முறிவு 46 சதவீதமும் குறைந்தது. காபிக்கு விடுகிற கொஞ்சம் பாலைக் கணக்கில் சேர்க்காமல், ஒரு டம்ளர் பாலும் ஒரு கிண்ணம் தயிரும் தினம் போகட்டும். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. இரவில் இரண்டு இட்லியோடு முடித்துக்கொள்ளும் பெரியவர்களுக்குப் புரதம்தான் பெரிய ஓட்டை, முட்டையோ சுண்டலோ மீனோ ஒரு வேளைக்காவது கூட வையுங்கள்.

படி 8: விழுந்தால் என்ன செய்வது என்று முன்பே பழகுங்கள்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 90 வயது தாண்டியவர்களிடம் செய்த ஆய்வில், விழுந்தவர்களில் 30 சதவீதம் பேர் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தரையிலேயே கிடந்திருந்தார்கள். அழைப்பு மணி வைத்திருந்தவர்களில் பலரும் அதை அழுத்தவில்லை. எனவே போன் இடுப்பிலோ கழுத்துப் பையிலோ இருக்கட்டும், மேசையில் வேண்டாம். பாத்ரூம் கதவை உள்ளே தாழ்போடாமல் சும்மா சாத்திக்கொள்ளச் சொல்லுங்கள், அல்லது வெளியிலிருந்து திறக்கும் தாழ்ப்பாள் போடுங்கள்.

எழும் முறையை ஒரு பாய் விரித்துப் பழக்குங்கள். முதலில் அசையாமல் மூச்சு விட்டு, எங்கே வலிக்கிறது என்று பார்க்க வேண்டும். வலி இல்லையென்றால் பக்கவாட்டில் புரண்டு, கைகளை ஊன்றித் தவழும் நிலைக்கு வந்து, கனமான நாற்காலி அல்லது கட்டில் வரை தவழ்ந்து, அதன் மேல் இரண்டு கையையும் வைத்து, பலமான காலின் பாதத்தை முன்னால் ஊன்றி, மேலே அழுத்தி, திரும்பி உட்கார வேண்டும். அம்மாவுக்கு முதல் நாள் வெட்கமாக இருந்தது, "நான் என்ன குழந்தையாடா?" என்றார். நான் பக்கத்தில் இன்னொரு பாயில் படுத்து அதையே செய்து காட்டினேன், அப்புறம் செய்தார்.

இடுப்பில் கடும் வலி, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது, நிற்கவே முடியவில்லை என்றால் தூக்கி உட்கார வைக்காதீர்கள், எண்ணெய் போட்டு உருவாதீர்கள். அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். ரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை போடுகிறவர் தலையில் அடிபட விழுந்தால், பார்க்க நன்றாக இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், உள்ளே மெதுவாகக் கசியலாம். இடுப்பு எலும்பு முறிவு என்று உறுதியானால் அறுவையைத் தள்ளிப்போட வீட்டில் யாரும் யோசிக்க வேண்டாம். படுக்கையில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் நுரையீரலுக்கும் தோலுக்கும் நஷ்டம்.

படி 9: 12 வாரம் கழித்து மறுபடி எண்ணுங்கள்

முதல் படியில் எழுதிவைத்த எண்களை எடுத்து, அதே நாற்காலியில் அதே நேரத்தில் மறுபடி சோதியுங்கள். அம்மா 12 வாரத்தில் 7-லிருந்து 10-க்கு வந்தார், ஒரே கோட்டில் நிற்பது 4 நொடியிலிருந்து 10 நொடி ஆனது. அதற்கப்புறம் ஒரு காய்ச்சலில் இரண்டு வாரம் படுத்தார், எழுந்து பார்த்தால் 8. படுக்கையில் பலம் இறங்குவது ரொம்ப வேகம், ஏறுவதுதான் மெதுவாக. அதனால் காய்ச்சல், ஆஸ்பத்திரி, வெளியூர்ப் பயணம் எது முடிந்து வந்தாலும் விட்ட இடத்தில் தொடங்காதீர்கள். எடைப்பட்டையைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முதல் வாரம் செய்ததிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.